பனிக்கட்டிக்குள் அடுப்பு! மூட்டியது யார்?

கட்டிட வேலை நடக்கும் இடத்தில் கட்டுக் கம்பி கிடக்கும். அதில் ஒரு முழத் துண்டை எடுத்துக் கொள்ளுங்கள். இரு கைகளாலும் பிடித்து, ஒரே இடத்தில் இப்படியும் அப்படியுமாக மடக்குங்கள். வேகமாகப் பத்துப் பன்னிரண்டு தடவை மடக்கிய பிறகு, மடங்கிய இடத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள்.

சுடுகிறது அல்லவா?

அங்கே நெருப்பு இல்லை. வெயில் இல்லை. மின்சாரமும் இல்லை. பிறகு சூடு எங்கிருந்து வந்தது? உங்கள் கையின் உழைப்பிலிருந்து வந்தது. கை வளைத்தது, கம்பி முரண்டு பிடித்தது, அந்தப் போராட்டம் சூடாக மாறியது.

இந்தச் சின்ன உண்மையை வைத்துக் கொண்டே, பூமியிலிருந்து 60 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் நடக்கும் ஒரு பெரிய அதிசயத்தைப் புரிந்து கொள்ளலாம். வியாழனையும் சனியையும் பல சந்திரன்கள் சுற்றி வருகின்றன. அவற்றில் சில, மேலே கருங்கல் போல் இறுகிய பனிக்கட்டியால் மூடப்பட்டவை. ஆனால் அந்தப் பனிக்குக் கீழே தண்ணீர் இருக்கிறது! உறையாத, அலையும் கடல் இருக்கிறது!

அந்தக் கடலை உறைய விடாமல் காப்பது எது? பனிக்கட்டிக்குள் அடுப்பு மூட்டியது யார்?

“நமக்குக் கம்பிதான் சார்!”

இந்தக் கேள்வியைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது கும்மிடிப்பூண்டியில்தான்.

சென்னையிலிருந்து வடக்கே புறநகர் ரயிலில் போனால், கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வரும். சிப்காட் தொழிற்பேட்டை அங்கே இருக்கிறது. இரும்பை உருக்கும் ஆலைகளும், கம்பியாக உருட்டும் ஆலைகளும் அங்கே உண்டு. அதே ஊரின் மொட்டை மாடியில் நின்று வடகிழக்கே பார்த்தால், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்புவதைப் பார்க்கலாம். முதலில் ஒரு வெளிச்சம். பிறகு வெள்ளைப் புகைக் கோடு. சற்று நேரம் கழித்து உறுமல் சத்தம்.

அப்படி ஒரு நாள் மாடியில் நின்றபோது, பக்கத்தில் ஓர் ஆலைத் தொழிலாளி தம் பெண் குழந்தையைத் தோளில் தூக்கி வைத்துக் கொண்டு நின்றார். குழந்தை கை தட்டியது. “அப்பா! அது எங்கே போவுது?” என்று கேட்டது. அவர் சிரித்தார்.

“இவளும் பெரியவளாகி ராக்கெட் விடுவாளா?” என்று நான் விளையாட்டாகக் கேட்டேன்.

“அதெல்லாம் பெரிய படிப்பு சார். நம்ம பசங்களுக்கு எங்கே வரும்? நமக்குக் கம்பிதான் சார்!” என்றார்.

அந்தப் பதில் என் மனத்தை விட்டு அகலவில்லை. ஆகாயத்து விஷயம் வேறு யாருக்கோ உரியது என்று அவர் முடிவு கட்டி விட்டார். அந்த முடிவு தவறு என்பது என் கருத்து. கம்பிதான் தெரியும் என்றால், பாதி தெரிந்து விட்டது என்று அர்த்தம். மீதிப் பாதிக்குப் பழவேற்காடு போதும். எப்படி என்று பார்ப்போம்.

சூரியன் அல்ல

முதலில் சூரியனைக் கேட்போம். உலகத்துச் சூட்டுக்கெல்லாம் அவன்தானே காரணம்?

வியாழன் சூரியனிலிருந்து நாம் இருப்பதைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் தூரத்தில் இருக்கிறது. அங்கே விழும் வெயில், நம் வெயிலில் 27-ல் ஒரு பங்குதான். சனியில் 90-ல் ஒரு பங்கு! வியாழனின் சந்திரனான யூரோப்பாவின் மேற்பரப்பில், வெயில் படும் நடுப் பகுதியிலேயே குளிர் சுமார் மைனஸ் 160 டிகிரி. சனியின் சந்திரனான என்சலேடஸில் சுமார் மைனஸ் 200 டிகிரி.

ஆகவே, சூரியனை விட்டு விடலாம். அவன் நிரபராதி!

ஆறிப் போன பாத்திரம்

பிறந்தபோது இருந்த சூடு மிச்சம் இருக்குமோ?

நியாயமான சந்தேகம்தான். கல்லும் பனியும் மோதி மோதிச் சேர்ந்துதான் கிரகங்களும் சந்திரன்களும் உண்டாயின. மோதினால் சூடு பிறக்கும். ஆனால், அது நடந்து 450 கோடி ஆண்டுகள் ஆகி விட்டன. அண்டா நிறையக் கொதித்த தண்ணீர் ஆற நேரமாகும். ஒரு தம்ளர் தண்ணீர் சீக்கிரம் ஆறி விடும். உருவம் சிறியதானால் சூடு விரைவில் ஓடி விடும்.

நமது பூமி பெரிய அண்டா. என்சலேடஸோ சின்னத் தம்ளர். அதன் குறுக்களவு சுமார் 500 கிலோமீட்டர்தான். சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் தூரத்தைவிடச் சற்றே அதிகம். அவ்வளவு சிறிய உருண்டை எப்போதோ ஆறிச் சில்லிட்டிருக்க வேண்டும். ஆகவே, பிறவிச் சூடும் போதாது.

மணவாளக்குறிச்சி மணல்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சி என்ற கடற்கரை ஊர் இருக்கிறது. அந்தக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற தாது கிடைக்கிறது. அதில் தோரியம் இருக்கிறது. தோரியம் கதிர்வீச்சுப் பொருள். அது மிக மிக மெதுவாகத் தானே சிதைந்து கொண்டிருக்கிறது. சிதையும்போது துளித் துளியாகச் சூட்டை வெளிவிடுகிறது.

தோரியம், யுரேனியம், ஒரு வகைப் பொட்டாசியம் இவை மூன்றும் பூமியின் வயிற்றுக்குள் பரவிக் கிடக்கின்றன. எரிமலை கக்குவதற்கும், பூமியின் உட்பகுதி இன்னும் கொதிப்பதற்கும் இவை ஒரு முக்கியக் காரணம். பனிச் சந்திரன்களின் நடுவே உள்ள கல்லிலும் இந்தப் பொருள்கள் உண்டு. கனிமீடு போன்ற பெரிய சந்திரனுக்கு இந்தச் சூடு நல்ல உதவி. கனிமீடு புதன் கிரகத்தையும்விடப் பெரியது அல்லவா? உள்ளே கல்லும் அதிகம்.

ஆனால், சின்னஞ்சிறு என்சலேடஸில் கல்லே கொஞ்சம். அதன் தென் துருவத்திலிருந்து வெளியேறும் சூட்டை விஞ்ஞானிகள் அளந்தார்கள். கதிர்வீச்சுப் பொருள்கள் தரக் கூடிய சூட்டையும் கணக்கிட்டார்கள். இரண்டாவது, முதலாவதில் ஒரு சிறு பங்குகூட ஈடு கட்டவில்லை.

அப்படியானால், வேறு ஒரு கை வேலை செய்கிறது. யார் அந்த ஆள்?

பழவேற்காட்டு ஓதம்

கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்திலேயே பழவேற்காடு ஏரி இருக்கிறது. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உப்பங்கழி இதுதான். ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு கிடக்கிறது. முகத்துவாரத்தின் வழியாகக் கடல் நீர் ஏரிக்குள் ஏறுகிறது, பிறகு வற்றுகிறது. ஒரு நாளில் இரண்டு முறை ஏறும். இரண்டு முறை இறங்கும். இதைத்தான் ஓதம் என்கிறோம்.

இன்று காலை ஆறு மணிக்கு நீர் நன்றாக ஏறி நின்றால், நாளை அதே நேரத்துக்கு ஏறி நிற்காது. சுமார் 50 நிமிடம், அதாவது பழைய கணக்குப்படி ஏறக்குறைய இரண்டு நாழிகை, தாமதமாகும். ஏன்? சந்திரனும் தினமும் அவ்வளவு தாமதமாகத்தான் உதிக்கிறது. ஓதத்தை இழுப்பது முக்கியமாகச் சந்திரனே. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் சூரியனும் அதே வரிசையில் சேர்ந்து இழுப்பதால் ஓதம் பெரிதாகிறது. கடற்கரையில் பிறந்த சிறுவனுக்கு இது பாடப் புத்தகம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சந்திரன் கடலை மட்டுமா இழுக்கிறது? இல்லை! நாம் நிற்கும் தரையையும் இழுக்கிறது. கெட்டியான பூமியே தினமும் ஒரு சாணுக்கு மேல் எழும்பித் தணிகிறது. வீடும் மரமும் நாமும் சேர்ந்தே எழுவதால் நமக்குத் தெரிவதில்லை.

இப்போது திருப்பிப் பாருங்கள். சின்னச் சந்திரனே பெரிய பூமியை இப்படி இழுத்தால், பெரிய வியாழன் தன் சின்னச் சந்திரன்களை எப்படி இழுக்கும்! வியாழனின் எடை பூமியைப் போல் 318 மடங்கு. அதன் அருகே சுற்றும் அயோ என்ற சந்திரன், ஏறக்குறைய நம் சந்திரன் நமக்கு இருக்கும் தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே நிலமே சுமார் 100 மீட்டர் வரை எழும்பித் தணிவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தைவிட உயரமான எழுச்சி! அதுவும் தண்ணீரில் அல்ல, கல்லில்!

கம்பி ஞாபகம் வருகிறதா? வியாழன்தான் கை. சந்திரன்தான் கம்பி. நெருக்குவதும் நெகிழ்வதுமாக, சந்திரனின் உடம்பே மடக்கப்படுகிறது. உள்ளே சூடு பிறக்கிறது.

ஊஞ்சலைத் தள்ளும் கை

ஆனால், இங்கே ஒரு நுட்பம் உண்டு. கம்பியை ஒரே பக்கமாக மடக்கி அப்படியே வைத்திருந்தால் சூடு ஏறாது. மடக்கி, நிமிர்த்தி, மறுபடி மடக்கினால்தான் ஏறும்.

ஒரு சந்திரன் சரியான வட்டத்தில் சுற்றினால், கிரகத்திலிருந்து அதன் தூரம் மாறாது. இழுப்பும் மாறாது. சூடும் பிறக்காது. பாதை சற்று நீள்வட்டமாக இருந்தால், கிட்டே வரும்போது இழுப்பு கூடும். தள்ளிப் போகும்போது குறையும். அப்போதுதான் மடக்கலும் நிமிர்த்தலும் நடக்கும்.

சாதாரணமாக, காலப் போக்கில் பாதை வட்டமாகி விடும். வியாழனின் சந்திரன்களுக்கு அப்படி ஆகவில்லை. ஏன்? அக்கம் பக்கத்தார் விடவில்லை! கனிமீடு ஒரு முறை சுற்றி வரும் நேரத்தில் யூரோப்பா இரண்டு முறை சுற்றுகிறது. அயோ நான்கு முறை சுற்றுகிறது. தாளம் தவறாமல் ஒன்றை ஒன்று இழுத்து விடுகின்றன. ஊஞ்சலில் ஆடும் குழந்தையைச் சரியான நேரத்தில் தட்டி விட்டால் ஆட்டம் நிற்காது அல்லவா? அதே மாதிரிதான். சனியின் பக்கத்தில் என்சலேடஸுக்கு டயோனி என்ற சந்திரன் கூட்டாளி. டயோனி ஒரு முறை சுற்றினால் என்சலேடஸ் இரண்டு முறை சுற்றும்.

இந்தச் சக்தி இலவசமா? உலகத்தில் எதுவும் இலவசமில்லை. வியாழன் பத்து மணி நேரத்துக்கு ஒரு முறை தன்னைத் தானே சுற்றிக் கொள்ளும் ராட்சசன். அந்தச் சுழற்சியிலிருந்துதான் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்திரன்களுக்குச் சக்தி போகிறது. நம் பூமிக்கும் இந்தக் கணக்கு உண்டு. ஓதத்தினால் பூமியின் சுழற்சி மெல்ல மெல்லக் குறைகிறது. அதன் பலனாக நம் சந்திரன் ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மை விட்டு விலகிப் போகிறது. 1969-ம் ஆண்டில் அமெரிக்க விண்வெளி வீரர்கள் சந்திரனில் வைத்து விட்டு வந்த கண்ணாடிப் பலகையில் லேசர் ஒளியைப் பாய்ச்சி இதை அளக்கிறார்கள்.

மூன்று நாளில் வந்த பரீட்சை

“இதெல்லாம் வெறும் காகிதக் கணக்கு” என்று யாராவது சொல்லலாம். அவர்களுக்கு 1979-ம் ஆண்டின் கதையைச் சொல்கிறேன்.

பீல், காசன், ரெனால்ட்ஸ் என்ற மூன்று அமெரிக்க விஞ்ஞானிகள், அயோவைப் பற்றி மேலே சொன்ன மாதிரி கணக்குப் போட்டார்கள். “இந்தச் சந்திரன் உள்ளே உருகி இருக்க வேண்டும். மேலே எரிமலை இருக்கலாம்” என்று எழுதினார்கள். அந்தக் கட்டுரை வெளியானது 1979 மார்ச் 2-ந் தேதி. வாயேஜர்-1 என்ற விண்கலம் வியாழனை நெருங்கியது மார்ச் 5-ந் தேதி. மூன்றே நாள் இடைவெளி!

அடுத்த சில நாட்களில், வாயேஜர் அனுப்பிய ஒரு படத்தில் அயோவின் விளிம்புக்கு மேலே குடை போல் ஏதோ தெரிந்தது. லிண்டா மொரபிட்டோ என்ற பெண் என்ஜினீயர் அதை முதலில் கவனித்தார். அது மேகமல்ல. 200 கிலோமீட்டருக்கும் அதிகமான உயரத்துக்கு எரிமலை கக்கிய புகை! பூமிக்கு வெளியே, எரியும் எரிமலை ஒன்றை மனிதன் கண்டது அதுவே முதல் தடவை.

அயோவில் பனி இல்லை. அது கொதித்துக் காய்ந்து போன மூத்த பிள்ளை. அதற்கு அடுத்த பாதையில் இருக்கும் யூரோப்பாதான் பனி போர்த்த சந்திரன். அயோவில் எரிமலை மூட்டும் அதே கை, யூரோப்பாவில் கொஞ்சம் மெதுவாக மடக்குகிறது. அந்த அளவுச் சூடு கடலை உறையாமல் காக்கிறது. கலிலியோ என்ற விண்கலம் வியாழனைச் சுற்றி வந்தபோது, யூரோப்பாவின் காந்தப் புலத்தை அளந்தது. உள்ளே உப்புத் தண்ணீர் இருந்தால்தான் அப்படி இருக்க முடியும். அந்த ஒரு சந்திரனில், பூமியின் எல்லாக் கடல்களையும் சேர்த்தாற்போல் இரண்டு மடங்கு தண்ணீர் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்.

புலி வரிகள்

2005-ம் ஆண்டில் இன்னும் பெரிய ஆச்சரியம் வந்தது. சனியைச் சுற்றி வந்த காசினி விண்கலம், என்சலேடஸின் தென் துருவத்தில் நான்கு நீண்ட வெடிப்புகளைக் கண்டது. ஒவ்வொன்றும் சுமார் 130 கிலோமீட்டர் நீளம். புலியின் முதுகில் உள்ள கோடுகள் போல் இருந்ததால், “புலி வரிகள்” என்றே பெயர் வைத்தார்கள். அவற்றிலிருந்து நீராவியும் பனித் துகளும் பீச்சி அடித்துக் கொண்டிருந்தன!

பீச்சு எப்போதும் ஒரே அளவாக இல்லை. சனிக்குக் கிட்டே இருக்கும்போது குறைகிறது. தூரப் போகும்போது பல மடங்கு அதிகமாகிறது. கிட்டே வந்தால் வெடிப்பு இறுகுகிறது. தள்ளிப் போனால் விரிகிறது. ஓதத்தின் கைரேகையே கிடைத்து விட்டது போல!

2015-ம் ஆண்டில், அங்கிருந்து வந்த மிக நுண்ணிய மணல் துகள்களை ஆராய்ந்தார்கள். கடலின் அடியில் குறைந்தது 90 டிகிரி சூடான வெந்நீர் கல்லோடு உறவாடினால்தான் அத்தகைய துகள் உண்டாகும் என்று கண்டார்கள். மேலே மைனஸ் 200, அடியில் வெந்நீர்!

சூடு கண்ட இரும்புதான் வளையும்

சரி, குற்றவாளி அகப்பட்டு விட்டான். ஓதம்தான் காரணம் என்று கட்டுரையை முடித்து விடலாமா? அவசரப்படக் கூடாது. மைமாஸ் வந்து குறுக்கே நிற்கிறது.

மைமாஸும் சனியின் சந்திரன். என்சலேடஸைவிட சனிக்குக் கிட்டே இருக்கிறது. அதன் பாதையும் அதிக நீள்வட்டம். ஓதம் மட்டுமே காரணமானால், மைமாஸ் இன்னும் அதிகமாகக் கொதிக்க வேண்டும். ஆனால், அதன் மேற்பரப்பு பழங்காலக் குழிகள் நிறைந்து, அசைவே இல்லாமல் கிடக்கிறது. இது ஏன்?

இதற்கு விடை கும்மிடிப்பூண்டி ஆலையில் இருக்கிறது. இரும்புப் பாளத்தைக் குளிர்ந்தபடியே உருளைக்குள் விட்டால் என்ன ஆகும்? வளையாது, உருளைதான் கெடும். முதலில் உலையில் போட்டு, ஆயிரம் டிகிரிக்கு மேல் செக்கச் செவேலென்று காய்ச்ச வேண்டும். பிறகு மெழுகு போல் இழுபடும்.

சந்திரனும் அப்படியே. சில்லிட்டு இறுகிய சந்திரன் வியாழன் இழுத்தாலும் சனி இழுத்தாலும் வளைந்து கொடுக்காது. வளையாததால் சூடு பிறக்காது. சூடு பிறக்காததால் இறுகியே கிடக்கும். கொஞ்சம் சூடு கண்ட சந்திரனோ நெகிழ்கிறது. நெகிழ்வதால் இன்னும் சூடு பிறக்கிறது. சூடு சூட்டை வளர்க்கிறது!

மைமாஸ் கதையும் முடிந்து விடவில்லை. அதன் அசைவைக் காசினி படங்களில் நுணுக்கமாக அளந்தவர்கள், 2024-ம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மைமாஸின் பனிக்குக் கீழும் கடல் இருக்கிறது. ஆனால், அது உண்டாகி இரண்டரைக் கோடி ஆண்டுகள்கூட ஆகவில்லை என்றார்கள். 450 கோடி ஆண்டு வயதுள்ள குடும்பத்தில் அது நேற்றுப் பிறந்த குழந்தை. செத்தது என்று நினைத்த சந்திரன் இப்போதுதான் கண் விழிக்கிறதோ!

சுண்ணாம்பும் உப்பும்

ஓதத்துக்கு வேறு துணைவர்களும் உண்டு. சுட்ட கிளிஞ்சலில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கல்லும் தண்ணீரும் சேர்ந்தாலும் சூடு பிறக்கும். பனிச் சந்திரனின் அடியில் உள்ள சில வகைக் கற்கள் தண்ணீரைக் குடிக்கும்போதும் சூடு பிறக்கிறது. ஆனால், கல் முழுவதும் நீறி விட்டால் அந்த அடுப்பு அணைந்து போகும்.

உப்பு இன்னொரு துணைவன். குல்பி ஐஸ் விற்பவர் பானையில் பனிக்கட்டியோடு உப்பைப் போடுகிறார். உப்பு கலந்த நீர் பூஜ்யம் டிகிரியில் உறையாது. இன்னும் குளிர வேண்டும். பனிச் சந்திரன்களின் கடலிலும் உப்பு கலந்திருக்கிறது. அம்மோனியாவும் இருந்தால் இன்னும் நல்லது. உப்பு அடுப்பு மூட்டுவதில்லை. சிறிய அடுப்பே போதும் என்று ஆக்கி விடுகிறது.

மூன்றாவது துணைவன் மேலே மூடிய பனிதான். பனிக்கட்டி குளிரும் என்பதால், அது போர்வையாகவும் இருக்கும் என்று நமக்குத் தோன்றுவதில்லை. ஆனால், கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனி, உள் சூட்டை எளிதில் வெளியே விடாது. மேல் மூடி எவ்வளவு பெரிய வித்தியாசம் செய்யும் என்பதை நம் சந்திரயான்-3 காட்டியது. 2023 ஆகஸ்டில் சந்திரனின் தென் துருவத்தருகே இறங்கி, மண்ணில் ஒரு வெப்பமானியைச் செருகியது. மேல் மண்ணில் கடும் வெயில் சூடு. வெறும் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் பூஜ்யத்துக்கும் கீழே குளிர்! நாலு விரற்கடை மண் தடுத்தது அவ்வளவு.

ஆகவே, என் கருத்து இது. முதல் கை ஓதம். பிறவிச் சூடும் தோரியமும் தொடக்கத்தில் இளக்கிக் கொடுத்த உலை. சுண்ணாம்பு வேலை ஒரு துணை. உப்பும் பனிப் போர்வையும் காவல்காரர்கள். ஒற்றைக் காரணம் தேடுகிறவர்களுக்கு மைமாஸ் ஓர் எச்சரிக்கை.

சூடு வேறு, உயிர் வேறு

இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இதில் எங்கள் தொழிலுக்கும் குற்றம் உண்டு. “வேற்றுக் கிரகத்தில் ஜீவராசிகள்!” என்று கொட்டை எழுத்தில் போட்டால் பத்திரிகை விற்கும். ஆனால், உண்மை என்ன? சூடு இருக்கிறது. தண்ணீர் இருக்கிறது. 2017-ம் ஆண்டில் என்சலேடஸ் பீச்சில் ஹைட்ரஜன் இருப்பதாகச் சொன்னார்கள். 2023-ல் பாஸ்பேட் உப்பும் இருப்பதாகச் சொன்னார்கள். அடுப்பு, தண்ணீர், அரிசி, உப்பு எல்லாம் இருக்கிறது. அதனாலேயே சோறு வெந்து விட்டது என்று சொல்ல முடியுமா? பார்த்த பிறகு சொல்ல வேண்டும்.

பார்ப்பதற்குத்தான் இரண்டு விண்கலங்கள் போய்க் கொண்டிருக்கின்றன. ஐரோப்பியர்களின் ஜூஸ் 2023 ஏப்ரலில் கிளம்பியது. 2031-ல் வியாழனை அடைய வேண்டும். அமெரிக்கர்களின் யூரோப்பா கிளிப்பர் 2024 அக்டோபரில் கிளம்பியது. 2030-ல் போய்ச் சேர வேண்டும்.

காவலூரில் ஓர் இரவு

“எல்லாம் வெள்ளைக்காரன் வேலை” என்று நினைக்காதீர்கள். ஜவ்வாது மலையில் காவலூர் என்ற சிற்றூர் இருக்கிறது. 1972-ம் ஆண்டில் அங்கே ஒரு மீட்டர் அகலத் தொலைநோக்கி வந்து சேர்ந்தது. அந்த ஆண்டு ஜூன் 7-ந் தேதி, கனிமீடு ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே கடந்தது. பேராசிரியர் வைணு பாப்புவின் தலைமையில் வளர்ந்த அந்த நிலையத்திலிருந்தும், ஜாவாத் தீவிலிருந்தும் அதைக் கவனித்தார்கள். கனிமீடைச் சுற்றி மெல்லிய காற்று இருக்க வேண்டும் என்று அதை வைத்து அறிவித்தார்கள்.

பின்னால், 1979-ல் வாயேஜர் போய்ப் பார்த்தபோது, அப்போது மதிப்பிட்ட அளவுக்குக் காற்று இல்லை என்று தெரிந்தது. அதற்கும் பின்னால், ஹப்பிள் தொலைநோக்கி மிக மிக மெல்லிய பிராணவாயு இருப்பதைக் காட்டியது. இதில் வெட்கம் எதுவும் இல்லை. பார்த்ததைச் சொல்வதும், மேலும் தெளிவாகப் பார்த்த பின் திருத்திக் கொள்வதும்தான் விஞ்ஞானம். பனிச் சந்திரன் ஒன்றைத் தமிழ்நாட்டு மலையிலிருந்து நாமும் கவனித்தோம் என்பதுதான் பெருமை.

நம் வீட்டுக்கு என்ன லாபம்?

“பனிச் சந்திரனில் சூடு இருந்தால் என் வீட்டு உலையில் அரிசி விழுமா?” என்று கேட்பவர்கள் உண்டு. விழாது. அப்படிப் பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால், ஓதம் பழவேற்காட்டு மீனவனின் சோறு. முகத்துவாரம் மணலால் தூர்ந்து போனால் ஓதம் உள்ளே வராது. ஓதம் வராவிட்டால் ஏரியின் உப்பும் மீனும் இறாலும் பாதிக்கப்படும். அயோவில் எரிமலை மூட்டுவதும், பழவேற்காட்டில் வலைக்கு இறாலைக் கொண்டு வருவதும் ஒரே விதி. இதைத் தெரிந்து கொண்ட பையன், தன் ஏரியைப் பற்றி அதிகாரிகளிடம் பேச நேர்ந்தால் தலை நிமிர்ந்து பேசுவான். ஆலையில் வேலை செய்பவரின் மகள், தன் அப்பாவின் உலையில் நடப்பதே சனியின் பக்கத்திலும் நடக்கிறது என்று அறிந்தால், அப்பாவின் வேலையையும் மதிப்பாள். தன் படிப்பையும் மதிப்பாள்.

இதற்குக் கோடிக் கணக்கில் பணம் வேண்டாம். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்டாரப் பள்ளிக்கூடங்கள் ஆண்டுக்கு ஒரு நாள் ஒதுக்கட்டும். பொன்னேரியிலிருந்து பஸ் ஏறினால் பழவேற்காடு. அங்கே படகுத் துறையில், ஆசிரியர் துணையோடு, அடிக் கோடு போட்ட ஒரு கழியை நடட்டும். காலையிலிருந்து மாலை வரை அரை மணிக்கு ஒரு முறை நீர் மட்டத்தைக் குழந்தைகளே குறிக்கட்டும். அன்று சந்திரன் உதிக்கும் நேரத்தையும் எழுதட்டும். பள்ளிக்குத் திரும்பியதும் ஆளுக்கொரு கட்டுக் கம்பித் துண்டு கொடுத்து மடக்கச் சொல்லட்டும். யூரோப்பாவின் பாடம் அங்கேயே முடிந்து விடும்.

சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். ரயில்வே தொழிலாளியின் மகன். பள்ளிப் படிப்புக்குப் பின் அவர் முதலில் சேர்ந்தது பாலிடெக்னிக்கில்தான். “நம்ம பசங்களுக்கு எங்கே வரும்?” என்ற கேள்விக்கு அவரே விடை.

குளிர்ந்த இரும்பு வளையாது. முதல் சூடு யாராவது கொடுக்க வேண்டும். குழந்தையின் அறிவுக்கு அந்த முதல் சூட்டைக் கொடுக்க வேண்டியவர்கள் தாய் தந்தையும் ஆசிரியரும்தான். பிறகு அது தானே வளரும்.

அடுத்த முறை ராக்கெட் கிளம்பும்போது, மாடியில் நிற்கும் அந்தத் தந்தையிடம் குழந்தை மறுபடி, “அப்பா! அது எங்கே போவுது?” என்று கேட்கும். அவர் சிரித்து விட்டுச் சும்மா இருக்க வேண்டாம். ஒரு துண்டுக் கம்பியை அதன் கையில் கொடுத்து, “மடக்கிப் பாரும்மா, சொல்றேன்” என்று தொடங்கட்டும்.